மருதாசலம் வீட்டில் பச்சை வந்தது

பச்சை வந்தது, கரண்ட் வரவில்லை.

வெள்ளகோவிலில் மாமனார் மருதாசலம் உச்சி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கிணற்று மேடு வரைக்கும் நடந்துபோய், மோட்டார் ரூமைத் திறந்து ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கியிருக்கிறார். மோட்டார் கம்மென்று இருந்தது. இதோ வரும், அதோ வரும் என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, வந்த வழியே வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி, நேராகப் போனை எடுத்துவிட்டார்.

மணி அடித்தது கோயம்புத்தூர் கணபதியில், உம்மல் குல்சுமின் எஸ்.டி.டி. பூத்தில். அங்கே பேசுகிறவருக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். அதிலும் ஒரு ஓட்டை. எங்கள் தெருவில் யாரும் மாலைப் பத்திரிகை வாங்காததற்கு அந்த ஓட்டைதான் காரணம்.

உம்மல் குல்சும் குரல் கொடுக்க, எதிர்க் கடையிலிருந்து ஈஸ்வரமூர்த்தி மை படிந்த கையோடு ஓடிவந்தான்.

"ஏனுங் மாப்ள, உங்க பட்டை பச்சையாயிருச்சுங்க."

"சந்தோசமுங்க மாமா."

"கரண்ட் வல்லீங்க."

ஈஸ்வரமூர்த்தி ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினான், அங்கே வேறு சேதி வரும் என்பதுபோல.

"நேத்தும் இப்படித்தானுங்க. முந்தாநேத்தும் இப்படித்தான். வெயில்ல போய் மோட்டார் ரூம்புல குத்த வெச்சிருந்து போட்டு வாரேன். திரும்பி வந்தா, எனக்குன்னு வெச்ச காப்பியும் ஆறிக் கெடக்குது."

"நான் என்னன்னு பாக்கறனுங்க மாமா."

"பாருங்க. அதுவரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க."

விஷயம் இதுதான். ஈஸ்வரமூர்த்தியின் புது மனைவி ரங்கநாயகி அப்பன் வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வருவதும் வராததும் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் பட்டையின் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவன். கோயம்புத்தூர் மோட்டார் பம்புகளின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களில் பாதி அவன் கையால் அச்சானவை. மழைக்கும் வெயிலுக்கும் அழியாத ஸ்டிக்கர் என்று பேர் வாங்கிய மனுஷன், அழிகிற மை ஒன்றின்மேல் மையல் கொண்டதுதான் வினையாகிப் போயிற்று. பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மாதிரிக்கு என்று கொடுத்துவிட்டுப் போன டப்பாக்கள். அந்த மையில் எதை அச்சடித்தாலும், சூடு பட்டால் மறைந்துவிடும். ஆறினால் மறுபடியும் வந்துவிடும். அன்றையிலிருந்து அவன் அவனாக இல்லை. தெருவுக்கு இலவசமாகக் காலண்டர் அடித்துக் கொடுத்தான். மத்தியானமானால் அமாவாசையைக் காணோம் என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் முறைப்படி பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கட்டிக்கொண்டு போவதற்கு மாப்பிள்ளை தன் கையாலேயே வெள்ளைச் சேலை முழுக்கச் சிவப்புப் பூவாக அச்சடித்துக் கொடுத்தான். எந்த மையில் என்று கேட்கவே வேண்டாம்.

கணபதியில் பஸ் ஏறும்போது சேலையில் பூந்தோட்டமே இருந்தது. பல்லடத்தில் கொஞ்சம் உதிர்ந்தது. காங்கேயத்தில் முந்தானை போயிற்று. வெள்ளகோவிலில், ஆடி விருந்துக்கு வந்திருந்த அத்தனை சொந்தக்காரர்களும் பார்க்க, கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆன பெண் வெள்ளைச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள். ஆரத்தி எடுக்க வந்த சித்திக்காரி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாளாம்.

மருதாசலம் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டிவிடுவார்கள்.

"ஏனுங் மாப்ள," என்று போனில் கேட்டார், "நீங்க நல்லாத்தானுங்களே இருக்கறீங்க?"

"நல்லாருக்கறனுங்க மாமா."

"அப்பறம் என்னத்துக்குங்க புள்ளைக்கு வெள்ளச் சேலை?"

ஆடி முடிந்து ஆவணி வந்தது. பெண் வரவில்லை. "மாப்ள அந்த மைய வெச்சு உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டட்டுமுங்க, அப்பறம் கூட்டிட்டுப் போகட்டும்" என்று மருதாசலம் சொல்லிவிட்டார்.

தோட்டக்காரருக்கு உருப்படியான விஷயம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: மூணு பேஸ் கரண்ட். வீட்டில் விளக்கு எப்போதும் எரியும், டிவியும் ஓடும். ஆனால் கிணற்று மோட்டார் ஓடுவதற்கு மூணு பேஸும் வர வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்பது மின்சார வாரியத்துக்கே தெரியாத சங்கதி. வந்ததா என்று பார்ப்பதற்கே மருதாசலம் தினம் நாலு நடை கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அப்துல் முத்தலிப்பைப் பிடித்தான். முத்தலிப் வேறு யாருமில்லை, பூத்துக்கார உம்மல் குல்சுமின் வீட்டுக்காரர்தான். மூணு பேஸும் வந்தால் மட்டும் ஒரு சன்னமான ஒயரில் கொஞ்சூண்டு கரண்ட் வீடு வரைக்கும் வருகிற மாதிரி முத்தலிப் ஒரு பெட்டி செய்தார். ஒயரின் வீட்டு முனைக்கு ஈஸ்வரமூர்த்தி ஒரு பட்டை செய்தான். உம்மல் குல்சுமின் பழைய முழங்கால் எக்ஸ்ரே படத்தைச் சுரண்டிக் கழுவி, ஒரு பக்கம் கரண்ட் ஓடுகிற கரி மையால் வளைந்து வளைந்து கோடு, மறு பக்கம் பச்சை, அதற்கு மேலே அந்த மாய மை கறுப்பு நிறத்தில். கரண்ட் வந்தால் கோடு லேசாகச் சூடாகும், கறுப்பு மறையும், பச்சை தெரியும். காகிதம்போல வளையும். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்.

மாமனார் வீட்டு முன்வாசலில் உருண்டைத் தூண் ஒன்று. பட்டை அதைச் சமர்த்தாகக் கட்டிக்கொண்டது. மாமனார் டிவிக்கு முன்னால் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே தலையைத் திருப்பினால் தெரியும்.

"ஒரு வாரம் பிசகாமக் காட்டட்டுமுங்க," என்றார் மருதாசலம். "எட்டாம் நாளு புள்ளைய நானே பஸ் ஏத்தி உடறேன்."

அந்த ஒரு வாரம்தான் இப்போது மூன்றாம் நாளிலேயே பல்லிளித்திருந்தது.

ஈஸ்வரமூர்த்தி மறுநாளே பஸ் ஏறினான். தூணைத் தொட்டுப் பார்த்தான். கொதித்தது.

"வெயிலுங்க மாமா. வெயில் சூட்டுக்கே மை மறைஞ்சு போவுது. உள்ள மாத்தி ஒட்டிப்போட்டாச் சரியாப் போயிரும்."

மாமியார் மயிலாத்தாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று பேசும் பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை.

"வெளியிலயே இருக்கட்டுமுங்களே மாப்ள. நல்லாத்தானுங்க காட்டுது."

"நீ சும்மாரு," என்றார் மருதாசலம். டிவியில் ரெண்டு தடியன்கள் ஒருவரையொருவர் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். கேபிள் இழுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அவருக்கு மல்யுத்தம் வேண்டும். வேறு சேனலுக்கு அந்த வீட்டில் விசா கிடையாது.

ஈஸ்வரமூர்த்தி ஹாலுக்குள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, அடுப்படிக் கதவோரமாக இடம் தேர்ந்தெடுத்தான்.

"அங்கீங்களா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல், கொஞ்சம் தெளிந்து. "ஒட்டுங்க, ஒட்டுங்க. கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டுமுங்க. தூசி தொடைக்கறக்குச் சௌரியம்."

தன்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசிய முதல் ஆள் மாமியார்தான் என்று ஈஸ்வரமூர்த்தி பூத்து பெஞ்சில் வந்து சொன்னான்.

அடுத்த வாரம் போனில் வந்தது ரங்கநாயகி.

"ஏனுங்க, முன்னாடி ஒரு தடவதான் பொய்யிப் பச்சை வந்துட்டிருந்துச்சு. இப்ப மத்தியானம் ஒருக்கா, பொழுது எறங்க ஒருக்கான்னு ரெண்டு தடவ வருதுங்க. அப்பா ரெண்டு தடவ போய்ப் போய் வாராரு."

"நீ பாத்தியா புள்ள? எப்படி வருது?"

"நான் அந்நேரம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவனுங்க. அம்மாதான் பாத்துப்போட்டு, பச்சை வந்துருச்சு, பச்சை வந்துருச்சுன்னு அப்பாவ எழுப்பி உடும். நேத்து மட்டும் பாத்தேன். வட்டமா வருதுங்க, நெலா மாதிரி."

"வட்டமாவா?"

"ஆமாங்க. நடுவுல."

ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடி யோசித்தான். பெஞ்சில் இருந்த நாங்களும் மூடினோம்.

"கரிக் கோடு நடுவுல கெட்டியா உழுந்திருக்குது," என்று தீர்ப்புச் சொன்னான். "அடுப்படிச் செவுரு வேற. அந்தப் பக்கம் அடுப்பு எரியறப்ப இந்தப் பக்கம் சூடேறுது. அதுக்குத்தான் வட்டமா வருது."

எவ்வளவு சுத்தமான விளக்கம். அடுப்பு இருந்தது அந்தச் சுவரில் அல்ல, எதிர்ச் சுவரில் என்பது மட்டும்தான் அதில் குறை.

மறுபடியும் பஸ். இந்தத் தடவை பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தடிமனான தெர்மோகோல் அட்டை வைத்து ஒட்டினான். சுவரின் சூடு இனி வராது. சுவருக்குச் சூடு போகவும் போகாது என்று அவனுக்கு உறைக்கவில்லை. முன்பெல்லாம் வந்த பச்சை சீக்கிரம் ஆறிக் கறுத்துவிடும். இப்போது வந்த பச்சை, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, போக மனசில்லாமல் நின்றது.

"மாப்ள," என்றார் மாமனார் போனில், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வைத்து, "பச்சை போவவே மாட்டேங்குதுங்க. மயிலாத்தாள் ஊட்டுக்குள்ள இருந்து, இன்னும் பச்சையாத்தான் இருக்குதுங்க, அங்கயே இருங்கன்னு சத்தம் போடறாளுங்க. நானும் இருக்கறனுங்க. கெணத்து மேட்டுல ஒரு கயித்துக் கட்டில் போட்டுப் போட்டனுங்க. அங்கியே குடித்தனம் போயிறட்டுங்களா?"

இதைவிட மோசமாக எதுவும் ஆகாது என்று நினைத்தபோது, ஒருநாள் விடியற்காலையில் நிஜமாகவே கரண்ட் வந்துவிட்டது. பட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பளிச்சென்று பச்சை காட்டியது. மருதாசலம் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். "ஆமா, நீயி யோக்கியன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு வந்த கரண்ட் அதற்கப்புறம் ரெண்டு நாள் வரவில்லை. மிளகாய் நாற்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

மருதாசலம் இந்தத் தடவை போனில் 'ங்க' வைக்கவே இல்லை. அதுதான் ஈஸ்வரமூர்த்திக்குக் கிலியாகிவிட்டது.

"கடைசியா ஒரு வாரம். அதுலயும் தப்பாக் காட்டுனா, பட்டைய எருமைக் கொம்புல சுத்தி உட்டுருவேன். புள்ள தீவாளி வரைக்கும் இங்கதான். தீவாளிக்கும் நான் ரோசனை பண்ணித்தான் சொல்லுவேன்."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை மட்டும் தனியாகப் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தோம். தெருவே ரெண்டு நாள் அதைத்தான் பேசியது. சிரிக்காமல் பேசினோம் என்று சொன்னால் பொய்.

ஈஸ்வரமூர்த்தி கடையைத் திறக்காமல் முத்தலிப்பின் பட்டறையில் போய் உட்கார்ந்தான். முத்தலிப் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் மூர்த்தி, அந்தப் பட்டைய ஒருக்கா உள்ளங்கையில புடி."

பிடித்தான். பச்சை வந்தது.

"பாத்தியா? உன்ற மை சும்மாத் தொட்டாலே பல்லக் காட்டுது. இத்தனை எளக்காரமா இருந்தா யாரு மதிப்பாங்க? லேசுல மசியாத மையா ஒண்ணு வாங்கு. மேல ஒரு கண்ணாடித் தகடு போடு, காத்துப் போற மாதிரி எடம் உட்டு. நான் கரண்டக் கொஞ்சம் சேத்து உடறேன். உள்ள இருந்து வார சூடு பட்டாத்தான் மாறோணும், வெளிய இருந்து வார சூடு எதுவும் அண்டப்படாது."

"வெளிய இருந்து என்ன சூடுங்க பாய் வருது?"

"அது எனக்கு எப்படித் தெரியும். உன்ற மாமனாரு மூச்சா இருக்கும்."

பம்பாய்க்குப் போன் போட்டு வேறு டப்பா வந்தது. இருக்கிற பழைய எக்ஸ்ரேயெல்லாம் தீர்ந்து, முத்தலிப் தன் நெஞ்செலும்புப் படத்தையே கொடுத்தார். ஈஸ்வரமூர்த்தி நாள் முழுக்க அச்சடித்தான், காய வைத்தான், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் காட்டினான், டீத்தூக்குமேல் வைத்தான். கறுப்பு அசையவில்லை. ஒயரில் கரண்ட் கொடுத்தான். பச்சை வந்தது. கரண்டை எடுத்தான். கறுத்தது. பெஞ்சே கை தட்டியது.

வெள்ளகோவிலில் போய் அதை ஒட்டும்போது, மயிலாத்தாள் முதல்முறையாகக் கதவைத் தாண்டி ஹாலுக்குள் வந்து நின்றாள்.

"இது என்னங்க மாப்ள, மேல கண்ணாடி?"

"பத்திரத்துக்குங்க அத்தை. இனிமே எது மேல பட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது. கரண்ட் வந்தா மட்டுந்தான் பச்சை."

"கரண்ட் வந்தா மட்டும்," என்று மயிலாத்தாள் திருப்பிச் சொன்னாள். "வேற எதுக்கும் வராதுங்களா?"

"சத்தியமா வராதுங்க."

அந்த அம்மாள் உள்ளே போனாள். அன்றைக்கு அவனுக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை.

முதல் நாள் சரியாகக் காட்டியது. ரெண்டாம் நாளும். மூன்றாம் நாள் கரண்ட் ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவை போயிற்று. பட்டையும் ரெண்டு தடவை பச்சையாகி ரெண்டு தடவை கறுத்தது. மருதாசலம் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காட்ட ஆரம்பித்தார். "எங்க மாப்ள பண்ணுனதுங்க" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. வெள்ளைச் சேலை விவகாரத்தையே அவர் மறந்துவிட்டார். கரண்ட் இல்லாத நேரத்தில் கிணற்றுக்கு நடப்பதையும் மறந்துவிட்டார். சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்தால், பொழுது இறங்குகிற வரைக்கும் தடியன்கள் ஒருவரையொருவர் எறிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

போனில் ரங்கநாயகியின் குரலிலும் பட்டை பச்சையாகியிருந்தது.

"சாமானெல்லாம் கட்டிட்டனுங்க. ஆனா அம்மாதான் ஒரு மாதிரியா இருக்குது."

"ஏன், ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்லீங்க. மத்தியானமானா அந்தப் பட்டைக்குப் பக்கத்துல போய் நின்னுக்குது. தொட்டுத் தொட்டுப் பாக்குது. அப்பறம் முந்தானைல கண்ணத் தொடச்சுட்டு அடுப்படிக்குப் போயிருது. பட்டை சரியாக் காட்டக் காட்ட நான் கெளம்பற நாள் வருதில்லீங்களா, அதுக்குத்தான் போல."

ஓட்டைக்கு இந்தப் பக்கம் உம்மல் குல்சும் மூக்கை உறிஞ்சினாள். தாய் மனசு என்று நாங்களும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். பக்கத்துப் பட்டறையில் முத்தலிப் மட்டும் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை.

எட்டாம் நாள் ஈஸ்வரமூர்த்தி வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றான், பக்கத்தில் ரங்கநாயகி. பட்டுச்சேலை, அச்சடித்தது அல்ல, நெய்தது. மாமியார்தான் கூட வந்திருந்தாள். சரியாகக் கிளம்புகிற நேரத்தில் பட்டை பச்சை காட்டிவிட்டதால் மாமனார் மோட்டார் போட ஓடிவிட்டார். "போயிட்டு வாங்க மாப்ள, இன்னும் ஆறு தோட்டத்துக்காரங்க கேக்கறாங்க, அடிச்சு வெய்யுங்க" என்று வரப்பிலிருந்தே கத்தியிருக்கிறார்.

முருங்கைக்காய்க் கட்டும் பலகாரத் தூக்கும் பஸ்ஸுக்குள் ஏறின. ரங்கநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான். மயிலாத்தாள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஈஸ்வரமூர்த்தி படியிலிருந்து இறங்கி அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போனான்.

"அழுவாதீங்க அத்தை. கோயமுத்தூரு பக்கந்தானுங்களே. மாசம் ஒருக்காப் புள்ளையக் கூட்டிட்டு வாரேன்."

மயிலாத்தாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"புள்ள போறதுக்கு யாருங்க மாப்ள அழுவுறாங்க, இந்தப் புதுப் பட்டையில கொதிக்கக் கொதிக்கக் காப்பி டம்ளர வெச்சு அழுத்துனாலும் பச்சை வர மாட்டேங்குது, டிவில நாடகம் போடற நேரத்துக்கு உங்க மாமாவ இனி எப்படிங்க நான் கெணத்துக்கு முடுக்கறது?"